எழுபதில் அரிதாரம்: மூத்தோர் குழுவுக்கு நாடகம் தேர்ந்தெடுப்பது

மூத்தோர் நாடகக் குழுவுக்கு நாடகம் தேடுகிறவர்கள் பாத்திரத்தின் வயதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. அந்த நாடகம் நடிப்பவரின் முழங்காலுக்கும் மூச்சுக்கும் நினைவுக்கும் எவ்வளவு வேலை வைக்கிறது என்பதைத்தான் முதலில் எடைபோட வேண்டும். அறுபதைத் தாண்டியவர்கள் மேடையேறப் போகிறார்கள் என்றதும் தாத்தா பாட்டி வருகிற கதை ஒன்றைத் தேடிப் பிடித்துவிட்டு, வயது பொருந்திவிட்டது என்று ஒத்திகையைத் தொடங்கினால், இரண்டாம் வாரத்தில் சிக்கல் தெரியவரும்.

இதற்கு நல்ல உதாரணம் அயனெஸ்கோ எழுதி 1952இல் பாரிஸில் மேடையேறிய ‘நாற்காலிகள்’. கதை மாந்தர் கிழவருக்கு வயது 95, கிழவிக்கு 94. ஏட்டளவில் இதைவிடப் பொருத்தமான நாடகம் மூத்தோருக்குக் கிடையாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராக வர வர, கிழவி உள்ளே ஓடி ஓடி நாற்காலி தூக்கி வர வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போய், மேடை நாற்காலிகளால் நிரம்பி, கடைசியில் இருவரும் ஜன்னல் வழியே குதிக்கிறார்கள். தொண்ணூறு வயதுப் பாத்திரம்தான். நடிக்க முப்பது வயது உடம்பு வேண்டும். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்கும் எண்பதைத் தாண்டிய வயது. கடைசிக் காட்சியில் இறந்த மகளைக் கையில் ஏந்தி வர வேண்டியிருக்கிறது.

இவற்றுக்கு எதிர்ப்புறம் சோபோக்ளிஸ் தொண்ணூறு வயதை ஒட்டி எழுதிய ‘கொலோனஸில் ஈடிபஸ்’. அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடையேறியது. பார்வையிழந்த முதியவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஒரு கல்லில் அமர்கிறார். நாடகத்தின் பெரும்பகுதியில் மற்றவர்கள்தான் அவரிடம் வந்து போகிறார்கள். வயதானவர் எழுதியதாலோ என்னவோ, உட்காரும் இடத்தை அவர் முதலிலேயே போட்டுவைத்துவிட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், இதைவிட அதிகமாக இருந்த பெரிய மாநிலம் கேரளம். தாராபுரம் போன்ற ஒரு வட்டத் தலைமையிடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், போக்குவரத்து, மின்வாரிய ஊழியர்கள், தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்ட விவசாயிகள், கோயிலில் பஜனை பாடும் பெண்கள் என்று பத்துப் பதினைந்து பேரைக் கூட்டுவது பெரிய காரியமே இல்லை. அவர்களுக்கு எதைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. புத்தகக் கடைக்குப் போகுமுன் பதிலின் ஒரு பகுதியைச் சொந்த ஊரிலேயே தேடலாம்.

கொங்கு நாட்டின் பெருங்கதை அண்ணன்மார் கதை. கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, பல இரவுகள் நீண்ட இந்தக் கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். இந்தக் கதையைப் பாடும் உடுக்கடிப் பாட்டில் முன்பாட்டுக்காரர் உடுக்கையைத் தட்டிக் கதையை எடுத்துச் செல்வார். பின்பாட்டுக்காரர் தொடர்ந்து வாங்கிப் பாடுவார். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் பேச்சு, மறுபடி பாட்டு. எழுதி வைத்த வசனத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கும் கட்டாயம் அங்கே கிடையாது. கதையும் மெட்டும் கைவசம் இருக்கின்றன. வரி அந்த நேரத்தில் பிறக்கிறது. முன்பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவர் தாங்கிக்கொள்கிறார். வயதான கலைஞருக்கு நினைவும் மூச்சும் தளரும் என்பதை இந்த வடிவம் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

வள்ளி கும்மியும் அப்படித்தான். மேட்டுப்பாளையம் பகுதியைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த இந்தக் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். முருகன் வள்ளியை மணந்த கதையைத்தான் கும்மி பாடுகிறது. மூத்தோர் குழு இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஒரு கிழவேடம் இருக்கிறது. வேடனாகவும் வேங்கை மரமாகவும் வந்து பார்த்த முருகன் கடைசியில் கிழவனாக வருகிறான். பசிக்கிறது என்கிறான், தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுக்க, தண்ணீர் கேட்கிறான். எழுபது வயதுக்காரர் ஒருவர் கோலூன்றி மெல்ல வந்து மேடையில் போட்ட பாறையில் உட்கார்ந்தால் அந்தக் காட்சி முழுவதையும் உட்கார்ந்தபடியே நடத்தலாம். நடுங்கும் கையை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கிழவனுக்குள் இருப்பது குமரன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர் கண்ணைச் சிமிட்டினால் போதும், இளமை அங்கே வந்துவிடும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடக மேடைகளில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. அங்கே ராஜபார்ட் நடிகருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கலாம், வயிறும் விழுந்திருக்கலாம். குரல் எழுந்துவிட்டால் அவர் முருகன்தான். வேடத்துக்கும் ஆளுக்கும் வயது ஒத்துப்போக வேண்டும் என்று தமிழ் மேடை ஒருநாளும் கேட்டதில்லை. பாய்ஸ் கம்பெனிகளில் மீசை முளைக்காத பையன்கள் மன்னர்களாக நடித்தார்கள். டி.கே. சண்முகம் ஔவையார் வேடம் கட்டத் தொடங்கியபோது அவருக்கு வயது சுமார் முப்பது. அந்த மூதாட்டியின் பெயரே அவருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடம் ஏற்றார். இவர்கள் போட்டுக்கொடுத்த பாதையில் எழுபது வயது வள்ளியும் எழுபத்தைந்து வயது முருகனும் கூசாமல் நடக்கலாம். மூத்தோர் மூத்தோராக மட்டுமே நடிக்க வேண்டும் என்பது சினிமா கொண்டுவந்த பழக்கம்.

தாராபுரத்துக்கு இன்னொரு கதையும் சொந்தம். மகாபாரதத்து விராடபுரம் இந்த ஊர்தான் என்பது உள்ளூர் வழக்கு. பாண்டவர்கள் மாறுவேடத்தில் மறைந்திருந்த அந்த ஓராண்டு முழுக்க நாடகச் சரக்கு. தருமர் கங்கன் என்ற பெயரில் மன்னனோடு உட்கார்ந்து சொக்கட்டான் ஆடுகிறார். அரண்மனைப் பெண்கள் நடுவே வீரம் பேசிய இளவரசன் உத்தரன், எதிரிப் படையைக் கண்டதும் தேரை விட்டு இறங்கி ஓடப் பார்க்கிறான். ஆட்டம் கற்றுக்கொடுக்கும் பிருகன்னளையாக வந்திருக்கும் அர்ச்சுனன் அவனைப் பிடித்து உட்கார வைக்கிறான். முன்னும் பின்னும் இரண்டு நாற்காலி போட்டால் தேர் தயார். ஜம்பமடித்து மாட்டிக்கொள்ளும் உத்தரனை எழுபது வயதுக்காரர் நடித்தால் சபை கலகலக்கும். கட்டியங்காரன் ஒருவர் கதையைக் கோத்துக்கொண்டு போகலாம், அதுவும் கையில் ஏட்டை வைத்துக்கொண்டே.

கையில் ஏடு என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. மூத்த நடிகர்களின் பெரிய பயம் வசனம் மறந்துவிடுமோ என்பது. நாடகத் தேர்வைப் பாதிக்கு மேல் முடிவு செய்ய வேண்டியதும் அதுதான். ஒரே ஆள் மூன்று பக்கம் பேசும் நாடகங்களை ஒதுக்கிவிடலாம். கேள்வியும் பதிலுமாகச் சின்னச் சின்ன வரிகளில் போகும் வசனம் நினைவில் நிற்கும். அடுத்தவர் கேள்வியே அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துவிடும். ஆனால் ஒரே மாதிரி வரி மூன்று இடங்களில் திரும்ப வரும் நாடகம் ஆபத்தானது. முதல் இடத்தில் சொல்ல வேண்டியவர் மூன்றாம் இடத்துப் பதிலைச் சொல்லிவிட்டால் நடுவில் பத்து நிமிட நாடகம் காணாமல் போகும். நீதிமன்றக் காட்சி, பஞ்சாயத்துக் காட்சி, கடிதம் படிக்கும் காட்சி, பஞ்சாங்கம் பார்க்கும் காட்சி உள்ள நாடகங்கள் நல்ல துணை. கட்டும் காகிதமும் அங்கே இயல்பாகவே இருக்கும். அதற்குள் வசனத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வயதானால் மனப்பாடமே ஆகாது என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் எல்ம்ஹர்ஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் ஹெல்கா நாய்ஸும் நாடகத் துறை ஆசிரியர் டோனி நாய்ஸும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி கொடுத்தபோது, சொற்களை நினைவுகூரும் சோதனையில் அவர்கள் பயிற்சி பெறாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அந்தப் பயிற்சியில் வசனத்தை உருப்போடச் சொல்லவில்லை. இந்த ஆள் எதை வாங்குவதற்காக இந்த வார்த்தையைச் சொல்கிறான் என்று பார்த்து, அந்த எண்ணத்தோடு சொல்ல வைத்தார்கள். ஆகவே பாத்திரங்களுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வெளிப்படையாக ஏதோ வேண்டியிருக்கும் நாடகம் மூத்தோருக்கு எளிது: கடன் வாங்க வந்தவர், பெண் கேட்டு வந்தவர், சண்டை தீர்க்க வந்தவர். தத்துவம் பேசிக்கொண்டு நிற்கும் நாடகம் கடினம்.

மொழியும் நினைவுக்கு உதவும். ‘இன்று மாலை வருவதாகச் சொல்லியிருந்தீர்கள், ஏன் வரவில்லை?’ என்று அச்சிட்ட வரியை மூன்று நாள் படித்தும் பிடிபடாதவர், ‘பொழுதோட வாறேன்னீங்க, ஏனுங்க வர்ல?’ என்று மாற்றிக் கொடுத்தால் முதல் தடவையிலேயே சொல்லிவிடுவார். அது அவர் பிறந்ததிலிருந்து பேசிவரும் பேச்சு. நாடகத்துத் தாத்தா அப்புச்சி ஆகலாம், பெரியவர் மகளை அம்மிணி என்று கூப்பிடலாம். தாராபுரம் வட்டாரத்துக் கீரனூரைச் சேர்ந்த ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ நாவலில் இந்தப் பேச்சை உரையாடலாக எழுதிக் காட்டியவர். அந்த நாவலின் சில பக்கங்களை ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்து உரக்கப் படிப்பதே புதிய குழுவுக்கு நல்ல தொடக்கம்.

உடம்பு விஷயத்தில் பிரதியைக் கையில் பென்சிலோடு படிக்க வேண்டும். யாராவது தரையில் உட்கார்ந்து எழ வேண்டிய இடம், காலில் விழும் இடம், மாடிப்படி, ஓட்டம், அடிதடி, அவசர ஆடை மாற்றம் எல்லாவற்றிலும் ஒரு கோடு. கோடுகள் பத்தைத் தாண்டினால் வேறு நாடகம் பார்க்கலாம். ஒன்றிரண்டு என்றால் மாற்றிக்கொள்ளலாம்: காலில் விழுவதற்குப் பதில் கைகூப்பி நின்றாலும் காட்சி கெடாது. விளக்கை அணைத்துக் காட்சி மாற்றும் நாடகங்களில் தனிக் கவனம் வேண்டும். வயதான கண்கள் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நேரம் எடுக்கும். மேடை விளிம்பு தெரியாமல் கால் வைப்பது அந்த நொடியில்தான். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் நடக்கும் நாடகம் உத்தமம். செவியும் அப்படியே. உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் மங்குவதால் மெல்லிய மணியோசையோ திரைக்குப் பின்னாலிருந்து வரும் முணுமுணுப்போ குறிப்பாக இருந்தால் அது கேட்காமல் போகலாம். கண்ணால் பார்க்கக்கூடிய குறிப்பு, எதிரில் இருப்பவர் எழுந்திருப்பதோ டம்ளரை வைப்பதோ, நம்பகமானது.

முழு நாடகம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

அடுத்தது ஆள் கணக்கு. மூத்தோர் கூடும் இடங்களில் பெரும்பாலும் பெண்கள் அதிகம், பழைய நாடகங்களில் ஆண் வேடங்கள் அதிகம். வக்கீலையும் மணியக்காரரையும் டாக்டரையும் பெண்ணாக மாற்றினால் பெரும்பாலான நாடகங்களுக்குப் பழுதில்லை. ஒரே பெரிய வேடத்தைச் சுற்றி ஓடும் நாடகம் இன்னொரு சங்கடம். சுந்தரம் எழுதிய ‘வியட்நாம் வீடு’ நாடகம் ஓய்வுபெறும் மனிதரைப் பற்றியது. அறுபதைக் கடந்த யாருக்கும் அது மனதில் ஊறிய கதை. ஆனால் நாயகன் பிரெஸ்டீஜ் பத்மநாபனின் மேல்தான் முழுப் பாரமும். அவருக்கு அன்று இரத்த அழுத்தம் ஏறிவிட்டால் நாடகம் இல்லை. இரண்டே பேர் நடிக்கும் நாடகங்களும் அப்படித்தான். முதியோர் இல்லத்தில் சீட்டாடும் இருவரைப் பற்றி டி.எல். கோபர்ன் எழுதி 1978இல் புலிட்சர் பரிசு பெற்ற ‘ஜின் கேம்’ படிக்க அருமை, நடிக்கப் பாறாங்கல். பாரம் பலர் தோளில் பரவும் நாடகமே மூத்தோர் குழுவுக்கு உகந்தது. ஊர்மக்கள் கூட்டமாக வரும் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ அதில் ஒன்று. வானம் பார்த்த பூமியைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு அதன் தவிப்பை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் ஓய்வுபெற்றவரை நாயகனாக வைத்த நாடகங்களில் சுஜாதாவின் ‘கடவுள் வந்திருந்தார்’ முதலில் நிற்கிறது. ஓய்வுபெற்ற சீனிவாசனைத் தேடி எதிர்காலத்திலிருந்து ஜோ என்பவன் வருகிறான். அவன் வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை; பெரியவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வீடே முடிவு கட்டுகிறது. பூர்ணம் விஸ்வநாதன் நடித்துப் புகழ்பெற்ற வேடம் அது. வயதானவர் சொல்வதை யாரும் நம்பாத வேதனையை அழ வைக்காமல் சொன்ன நாடகம். நகைச்சுவை விரும்புகிறவர்களுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ இருக்கிறது. வாதம் விரும்புகிறவர்களுக்கு, இராவணன் வழக்கை விண்ணுலக நீதிமன்றத்தில் விசாரிக்கும் அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’. எல்லாம் நின்றும் உட்கார்ந்தும் பேசுவதுதான். குழுவில் கம்பராமாயணம் பாராயணம் செய்கிறவர்கள் இருந்தால் ‘நீதிதேவன் மயக்க’த்தை எடுப்பதற்குமுன் அவர்களிடம் பேசிக்கொள்வது மரியாதை.

பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீட்டைப் பற்றிய நாடகங்கள் தனி வகை. ஜயவந்த் தள்வி மராத்தியில் எழுதிய ‘சந்தியா சாயா’, யாழ்ப்பாண நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ இரண்டும் தனித்துவிடப்பட்ட பெற்றோரைப் பற்றியவை, இரண்டும் உயர்ந்த படைப்புகள். கொங்கு நாட்டு ஊர்களிலும் மகன் அமெரிக்காவில், மகள் பெங்களூரில் என்று பூட்டிய வீடுகளும் இருவர் மட்டும் இருக்கும் வீடுகளும் நிறைய. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். நடிப்பவர்களில் யாருக்காவது அது இரவில் தூக்கம் கெடுக்கும் சொந்தக் கதையாக இருக்கலாம். மாதக்கணக்கில் தினமும் அந்த வேதனையை ஒத்திகை பார்ப்பது எல்லோராலும் முடியாது. சமீபத்தில் துணையை இழந்தவருக்குச் சாவு வீட்டுக் காட்சியைக் கொடுக்கக் கூடாது; அவரே கேட்டு வாங்கினால் அது வேறு. எது வேண்டாம் என்று ஒவ்வொருவரும் தனியாக வந்து சொல்ல ஒரு வாய்ப்பைத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

இரக்கத்தை மட்டும் கேட்டு நிற்காத நாடகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஜப்பானில் ஒரு சான்று உண்டு. இயக்குநர் யூக்கியோ நினகாவா 2006இல் 55 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேர்ந்தெடுத்து சைத்தாமா கோல்டு தியேட்டர் என்ற குழுவைத் தொடங்கினார். அவர்கள் நடித்த நாடகங்களில் ஒன்று குனியோ ஷிமிசு 1971இல் எழுதியது. விசாரணையில் இருக்கும் பேரன்களை மீட்கப் பாட்டிகள் கூட்டமாக நீதிமன்றத்துக்குள் புகுந்து அதைக் கைப்பற்றிவிடுகிறார்கள். முதலில் மேடையேறியபோது அந்தப் பாட்டிகளாக நடித்தவர்கள் இளைஞர்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு உண்மையான பாட்டிகளே அதை நடித்தார்கள்; 2013இல் பாரிஸுக்கும் கொண்டுபோனார்கள். கூட்டமாக வருவதால் ஒருவர் வரி விட்டால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். கோபப்படும் கிழவிகளை மேடையில் பார்ப்பது பார்ப்பவர்களுக்கும் புதிது.

உரிமை விஷயத்தையும் தேர்வின்போதே பார்த்துவிட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்கள் எப்போதோ பொதுவாகிவிட்டன. 1964இல் மறைந்த சம்பந்த முதலியாரின் நாடகங்களுக்கு அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்தது. அண்ணாவின் நூல்கள் 1995இல் நாட்டுடைமை ஆயின. 2008இல் மறைந்த சுஜாதாவின் நாடகங்களுக்கு உரிமையாளர் உண்டு. பார்வையாளரிடம் பணம் வாங்காமல் ஓர் அமெச்சூர் சங்கம் நடத்தும் நிகழ்ச்சிக்கும், சமய நிறுவனத்தின் நலனுக்காக நடத்துவதற்கும் அதே சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. கோயில் திருவிழாவில் இலவசமாகப் போடும் குழுக்களுக்கு இது பயன்படும். வசனத்தை மாற்றி எழுதுவதானால் எழுத்தாளரையோ குடும்பத்தாரையோ கேட்டுவிடுவது முறை.

இத்தனையும் பார்த்தபின் இரண்டு மூன்று நாடகங்கள் மிஞ்சும். அவற்றைக் காலை பத்து மணிக்கு மேல், தரைத்தளத்தில், கைப்பிடி வைத்த நாற்காலிகளில் உட்கார்ந்து, பெரிய எழுத்தில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்களில் வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். வேடத்தை அன்றே ஒதுக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆளை மாற்றிப் படித்தால் யார் நாக்கில் எது உட்காருகிறது என்று தெரியும். ஒவ்வொரு வேடத்துக்கும் இரண்டு பேரைப் பழக்கும் வசதி இருக்கிறதா என்பதும் அப்போதே தெரியவரும். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே ஒருவர் தாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரே நாடகத்தை மூன்று நாள் படித்து, மூன்றாம் நாளும் ஆள் குறையாமல் வந்து உட்கார்ந்தால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.